பள்ளிக் காதல் அனிமேயில் சண்டை வந்தால்: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிக் காதல் அனிமே (ஜப்பானிய அசைபடத் தொடர்) பார்ப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. டோராடோரா, கிமி நி டோடோகே, ஓரெகைரு, அவோ ஹாரு ரைட், குயின்டெசென்ஷியல் குவின்டப்லெட்ஸ் ஆகியவற்றின் திருப்பங்கள் மறைக்காமல் பேசப்படுகின்றன. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், அவசரம் ஒன்றுமில்லை.

ரெண்டு நிமிஷம் உக்காந்து பேசினா முடிஞ்சிருக்குமே, இவங்க ஏன் வாயையே தொறக்க மாட்டேங்கிறாங்க?

அதிகம் வரும் கேள்வி இது. கீழே உள்ள பாதிப் பதில்களுக்கு அடிப்படையும் இதில்தான் இருக்கிறது. பார்க்கிற நமக்கு அவள் மனக்குரலும் கேட்கிறது, அவன் மனக்குரலும் கேட்கிறது. அவர்களுக்கு அவரவர் குரல் மட்டும்தான். இரண்டு பேருடைய சீட்டும் தெரிந்தவனுக்கு ஆட்டம் சுலபமாகத்தான் தெரியும்.

கிமி நி டோடோகேயின் இரண்டாம் சீசனை (2011) எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 14 அன்று ஜப்பானில் பெண்கள்தான் சாக்லேட் கொடுப்பார்கள். நாயகி சவாகோ, தான் விரும்பும் கசெஹாயாவுக்காகவும் செய்து வைத்திருக்கிறாள். நண்பர்களுக்குக் கொடுக்க முடிந்தவளுக்கு அவனிடம் மட்டும் நீட்ட முடியவில்லை. மற்றவர்களுக்குக் கொடுத்தது நட்பு என்று எல்லாருக்கும் தெரியும். இவனுக்குக் கொடுத்தால் மனசு வெளியே வந்துவிடும், அந்தப் பயம் அவளுக்கு. அவன் பக்கமிருந்து பார்த்தால், எல்லாருக்கும் கிடைத்தது தனக்கு மட்டும் இல்லை. இரண்டு பேருமே கையில் இருந்த தகவலை வைத்துச் சரியாகத்தான் கணக்குப் போட்டார்கள். விடைதான் தப்பு.

ஆகவே கேட்க வேண்டியது, "பேசியிருக்கலாமே" என்பதை விட, "பேசினால் இவருக்கு என்ன போகும்?" என்பது. அதற்குக் கதையில் பதில் இருந்தால் மௌனம் நியாயம். பதில் இல்லாமல், பேச வாயெடுக்கும்போதெல்லாம் போன் அடித்தாலோ யாராவது கதவைத் திறந்தாலோ, உங்கள் எரிச்சல் நியாயம்.

லவ் சொல்றதுக்கு இவ்ளோ அலப்பறையா? அங்க நிஜமாவே அப்படித்தானா?

ஓரளவுக்கு ஆமாம். ஜப்பானில் ஒரு உறவு தொடங்குவதற்கு வாய்விட்டுச் சொல்வது ஒரு வாசற்படி மாதிரி. அதற்குக் கொகுஹாகு என்று பெயர். உன்னைப் பிடித்திருக்கிறது, என்னோடு பழகுவாயா என்று கேட்டு, மற்றவர் சரி என்ற பிறகுதான் ஜோடி. அதுவரை சேர்ந்து வீட்டுக்கு நடந்தாலும், திருவிழா வாணவேடிக்கைக்குப் போனாலும், கணக்கில் சேராது. சேர்த்துக்கொண்டு ஏமாந்துபோகும் கதாபாத்திரங்களால்தான் பாதிச் சண்டைகள் நடக்கின்றன.

அனிமே இதைப் பெரிதாக்குகிறது, அதுவும் உண்மை. மொட்டை மாடி, பள்ளிக் கட்டடத்தின் பின்புறம், காலணி அலமாரிக்குள் கடிதம் என்று இடங்களே சடங்காகிவிட்டன.

அடுத்த எபிசோடுல வெடிக்கும்னு சிலர் கரெக்டா சொல்றாங்களே, எப்படி?

ஜோசியம் இல்லை, நாட்காட்டி. ஒரு தொலைக்காட்சிப் பருவம் மூன்று மாதம், அதில் 12 அல்லது 13 எபிசோட். ஒரு எபிசோட் சுமார் 24 நிமிடம். தொடக்கப் பாடல் ஒன்றரை நிமிடம், முடிவுப் பாடல் ஒன்றரை நிமிடம் போக, கதைக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 21 நிமிடம். 12 எபிசோட் தொடரில் 9 முதல் 11 வரை பெரும்பாலும் ஆபத்தான பகுதி. இரண்டு பருவம் ஓடும் தொடரில் 12, 13 வாக்கில் ஒரு முறையும், 19க்குப் பிறகு ஒரு முறையும் எதிர்பார்க்கலாம். 25 எபிசோட் கொண்ட டோராடோராவில் (2008-09) எல்லாம் தலைகீழாகும் கிறிஸ்துமஸ் இரவு 19ஆவது எபிசோட்.

அடுத்தது பள்ளி நாட்காட்டி. ஏப்ரலில் ஆண்டு தொடங்கும், வகுப்புகள் கலைத்துப் பிரிக்கப்படும். கோடையில் வாணவேடிக்கை, இலையுதிர் காலத்தில் கலை விழா, பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் கல்விச் சுற்றுலா, பிறகு கிறிஸ்துமஸ், பிப்ரவரி 14, மார்ச்சில் பட்டமளிப்பு. ஊரை விட்டு வெளியே இரவு தங்கும் சுற்றுலா வந்துவிட்டால், யாராவது யாரிடமாவது எதையாவது சொல்லப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தொடக்கப் பாடலை வெட்டிவிட்டு நேராகக் காட்சிக்குள் போனாலும், கடைசிக் காட்சி முடியும் முன்பே முடிவுப் பாடலின் இசை கேட்கத் தொடங்கினாலும், அன்றைக்கு ஏதோ இருக்கிறது.

அழுதுட்டேன். மறுநாள் யோசிச்சா சாதாரண சீன்தான். இசையைப் போட்டு ஏமாத்திட்டாங்களா?

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அந்த 3, 4 நிமிடத்தை முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்து திரையைப் பார்க்காமல் கேட்க மட்டும் செய்யுங்கள். மூன்றாவதாக, சப்டைட்டில் வரிகளை மட்டும் வாசியுங்கள். மூன்றிலும் ஒன்றுமே தேறவில்லை, சேர்த்துப் பார்த்தால் மட்டும் அழுகை வருகிறது என்றால், இசைதான் தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டோம். படம், குரல், இசை எல்லாம் சேர்ந்ததுதான் அனிமே.

குரலைத் தனியாகக் கவனியுங்கள். ஜப்பானிய ஒலிப்பதிவில் நடிகர்கள் ஒரே அறையில், திரையைப் பார்த்துக்கொண்டு, மைக் முன்னால் மாறி மாறி வந்து பேசுவது நெடுநாள் வழக்கம். சண்டைக் காட்சியில் ஒருவர் மூச்சு மற்றவர் வசனத்தின் மேல் ஏறுவது அதனால்தான். பிறமொழி டப்பிங்கில் பெரும்பாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிவு செய்கிறார்கள். ஒரே காட்சி ஒரு மொழியில் நெஞ்சை அடைத்து, இன்னொன்றில் சும்மா கடந்துபோனால், குறை கதையில் இருக்க வேண்டியதில்லை.

ஹீரோ மேல கொலவெறி வருது. வேணும்னேதான் இப்படி எழுதுறாங்களா?

சில நேரம் வேண்டுமென்றேதான். ஓரெகைருவின் இரண்டாம் சீசன் (2015) இரண்டாவது எபிசோடைப் பாருங்கள். கியோட்டோ சுற்றுலாவில் டோபே என்ற பையன் எபினாவிடம் காதலைச் சொல்லப் போகிறான். அவளுக்கு அதில் விருப்பமில்லை, நண்பர் கூட்டம் உடையக்கூடாது என்றும் நினைக்கிறாள். நாயகன் ஹாச்சிமன் குறுக்கே புகுந்து தானே அவளிடம் பொய்யாகக் காதலைச் சொல்லி, மறுப்பை வாங்கிக்கொள்கிறான். பிரச்சினை தீர்ந்தது. ஆனால் கூடவே நின்ற அவன் தோழிகள் யுகினோவும் யூயியும் உடைந்துபோகிறார்கள். பார்ப்பவர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள்: தியாகி என்று ஒரு பக்கம், அவனை விரும்புகிறவர்களின் வலியைக் கணக்கிலேயே எடுக்காத சுயநலக்காரன் என்று மறுபக்கம்.

எழுதியவர் தெரிந்தே செய்தாரா என்பதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: கதைக்குள் யாருக்காவது உங்கள் கோபம் வருகிறதா? இங்கே யுகினோ அவன் வழிமுறையைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். யூயி அழுதுகொண்டே மற்றவர்களின் மனசையும் யோசி என்கிறாள். அந்த விரிசல் அடுத்த வாரமே ஒட்டிக்கொள்ளவும் இல்லை. 8ஆவது எபிசோடில் ஹாச்சிமன் தடுமாறி, அழுது, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் வரை இழுத்துக்கொண்டே வருகிறது. இது திட்டமிட்ட கோபம். ஹீரோ என்ன செய்தாலும் சுற்றியிருப்பவர்கள் "அவன் நல்லவன்டா" என்று கடந்துபோகும் தொடரில் நமக்கு வருவது வேறு கோபம். அது எழுத்தின் மேல் வருவது.

அப்போ ஹீரோவை வெறுக்க வைக்கவே எடுத்த அனிமே இருக்கா?

இருக்கிறது. ஸ்கூல் டேஸ் (2007), 12 எபிசோட். கோழைத்தனமும் ஆசையும் சேர்ந்த ஒருவனை எந்தச் சலுகையும் தராமல் கடைசி வரை கொண்டுபோகும் தொடர். அதன் இறுதி எபிசோட் ஒளிபரப்பாக இருந்த 2007 செப்டம்பரில் ஜப்பானில் நிஜமாகவே ஒரு கொலை நடந்தது. தொலைக்காட்சி கனகாவா எபிசோடை நிறுத்திவிட்டு, இயற்கைக் காட்சிகளை இசையோடு ஓட்டியது. அதில் வந்த ஒரு கப்பலைப் பார்த்து யாரோ எழுதிய "நைஸ் போட்" என்ற குறிப்பு இன்றுவரை அனிமே ரசிகர்களிடம் நகைச்சுவையாக உலவுகிறது. வன்முறை அதிகம். முதல் காதல் அனிமேயாக இதை யாருக்கும் சொல்லாதீர்கள்.

ரெண்டாவது பொண்ணுதான் நல்லவ. அவளையே ஏன் எப்பவும் தோக்க வைக்கிறாங்க?

தோற்கும் பெண்ணின் மேல் அனுதாபம் கூடுவதற்குக் காரணம் கதைசொல்லும் முறையிலேயே இருக்கிறது. யார் ஜெயிப்பார் என்ற சந்தேகத்தைக் காப்பாற்ற, நாயகியின் மனசைப் பல தொடர்கள் பாதி மூடியே வைக்கின்றன. மற்றவளுடைய மனசைத் திறந்து காட்டலாம், கதைக்கு ஒன்றும் கெடாது. முதல் கேள்வியில் சொன்ன மனக்குரல் கணக்கு இங்கே இன்னொரு விதமாக வேலை செய்கிறது: யாருடைய குரலை அதிகம் கேட்டோமோ, அவர் பக்கம் சாய்கிறோம். இந்த வகைப் பெண்களுக்கு மகெ ஹீரோயின் (தோற்கும் நாயகி) என்ற பெயரே ஜப்பானில் நிலைத்துவிட்டது. அவர்களையே மையமாக வைத்து 2024இல் மகெயின் என்ற தொடரும் வந்தது.

டோராடோராவின் மினோரி இதில் கொஞ்சம் வேறு. 19ஆவது எபிசோடில், நாயகன் ரியூஜியை, அவன் விரும்பும் மினோரியிடம் அனுப்பிவிட்ட நாயகி டைகா, அதன் பிறகே தன் மனசு புரிந்து தெருவில் நின்று அவன் பெயரைச் சொல்லி அழுகிறாள். மினோரி அதைப் பார்த்துவிடுகிறாள். பிறகு ரியூஜி சொல்ல வருவதைச் சொல்லவிடாமலே மறுத்துவிடுகிறாள். இதைத் தோற்க வைத்தார்கள் என்று சொல்ல முடியுமா? அவளே எடுத்த முடிவு. அந்த முடிவுக்குத் தனக்கு உரிமை இருந்ததா, தோழிக்காக விட்டுக்கொடுத்தது தோழிக்கே செய்த அவமதிப்பா என்று தொடர் அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மினோரி ரசிகர்கள் கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு 20, 21 எபிசோடுகளைப் பார்த்தால் அவளுக்குக் கிடைத்த இடம் தெரியும்.

தங்கச்சி வேஷம் போட்டு ஏமாத்தினது துரோகம்தானே? அவளுக்கு எப்படி சப்போர்ட் பண்றாங்க?

குயின்டெசென்ஷியல் குவின்டப்லெட்ஸில் வரும் இச்சிகாவைப் பற்றிய கேள்வி. ஒரே முகமுடைய ஐந்து சகோதரிகள், ஒரே பையன். இரண்டாம் சீசனின் (2021) பிற்பகுதியில், மூத்தவளான இச்சிகா, தங்கை மிக்குவைப் போல வேடமிட்டு அவனிடம் பேசி, மிக்குவின் வாய்ப்பைக் கெடுக்கிறாள். செயல் தப்பு, அதில் இரண்டு கருத்து இல்லை.

பிரிவு வருவது அளவில். அக்காவாக எப்போதும் விட்டுக்கொடுத்தவள், முதல்முறை தனக்காக ஆசைப்பட்டு எல்லை மீறினாள் என்பவர்கள் பழைய காட்சிகளைக் கூட்டிப் பார்க்கிறார்கள். மிக்குவின் முகத்தைப் பார்த்தவர்கள் அந்த ஒரு காட்சியை மட்டும் பார்க்கிறார்கள். இதில் தழுவலுக்கும் பங்கு உண்டு. மாங்காவில் (அனிமேக்கு மூலமான ஜப்பானியச் சித்திரக்கதையில்) நீளமாகப் போன பகுதி அனிமேயில் சில எபிசோடுகளுக்குள் சுருங்கியது. சுருக்கும்போது முதலில் போவது தயக்கம்தான், செயல் போகாது. தயக்கம் இல்லாத தப்பு, கணக்குப் போட்டுச் செய்த தப்பாகத் தெரியும். அவளை முழுதாகத் தீர்ப்பளிக்க நினைப்பவர்கள் மாங்காவின் அந்தப் பகுதியையும் புரட்டிவிடுவது நல்லது.

மாங்கா படிச்சவங்க "பொறு, அப்புறம் புரியும்"ங்கிறாங்க. நம்பலாமா?

அந்த "அப்புறம்" இந்த சீசனுக்குள் வருமா என்று கேளுங்கள். ஆமாம், இல்லை என்ற ஒரே சொல்லில் பதில் வாங்கிவிட்டால் கதை கசியாது. அவோ ஹாரு ரைடில் (2014, 12 எபிசோட்) நாயகன் கோ ஏன் இவ்வளவு ஒட்டாமல் இருக்கிறான் என்பதற்கான காரணம், அவன் அம்மாவின் மரணம், அனிமேக்குள்ளேயே வந்துவிடுகிறது. அங்கே பொறுத்தால் பலன் உண்டு. ஆனால் மாங்கா 13 தொகுதி. காதல் முக்கோணம் முழுதாக விரியும் முன்பே அனிமே நின்றுவிடுகிறது. அதற்காகப் பொறுத்தவர்கள் இன்னும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எதிர்ப்பக்க உதாரணம் ஹோரிமியா. 16 தொகுதிகளை 2021இல் 13 எபிசோடுக்குள் அடக்கினார்கள். விடுபட்டவற்றை எடுக்க 2023இல் இன்னொரு தொடர் தேவைப்பட்டது. இப்படிப்பட்ட இடத்தில் "ஏன் இவ்வளவு சீக்கிரம் சமாதானம் ஆனார்கள்?" என்ற குழப்பம் உங்கள் கவனக்குறைவால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை.

வாராவாரம் பாக்குறவங்க கொதிக்கிறாங்க, மொத்தமா பாத்தவங்க "இதுக்கா?"ங்கிறாங்க. ஏன்?

மூன்று எபிசோடுக்கு நீளும் ஒரு பிணக்கு, மொத்தமாகப் பார்ப்பவருக்கு 63 நிமிடம். வாராவாரம் பார்ப்பவருக்கு முதல் எபிசோடிலிருந்து மூன்றாவது வரை இரண்டு வாரம். அந்த நாட்களில் அவர் சும்மா இருப்பதில்லை. பக்கம் எடுக்கிறார், வாதாடுகிறார், காட்சியில் இல்லாத நோக்கங்களைக் கதாபாத்திரத்துக்கு ஒட்டவைக்கிறார். தீர்வு வரும்போது அது கதையின் முடிச்சை அவிழ்க்கும், அவர் போட்ட முடிச்சு அப்படியே இருக்கும்.

மொத்தமாகப் பார்ப்பதிலும் ஒரு கெடுதல் உண்டு: வலி உறைக்கும் முன்பே மருந்து வந்துவிடுகிறது. ஓர் அமர்வில் 3 அல்லது 4 எபிசோட் போதும். எபிசோட் முடிவில் நிறுத்தாதீர்கள், அங்கேதான் கொக்கி இருக்கும். அடுத்த எபிசோடின் நடுவில், முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் இடையே வரும் சின்ன இடைவெளிப் படம் வரை பார்த்துவிட்டு நிறுத்துங்கள். கொக்கி அவிழ்ந்திருக்கும், தூக்கமும் வரும்.

இது நல்ல சண்டையா, வெறும் இழுவையா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சண்டையைத் தொடங்கிய சம்பவத்தை மனசுக்குள் அழித்துப் பாருங்கள். அந்தப் போன் வரவில்லை, அந்தக் காட்சியை அவள் ஜன்னல் வழியாகப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஏதாவது ஒரு நாளில் இதே சண்டை வந்தே தீரும் என்று தோன்றினால், வேர் கதாபாத்திரத்தில் இருக்கிறது. சம்பவம் போனதும் சண்டையும் போய்விட்டால் அது ஒட்டவைத்தது.

பிறகு சமாதானத்துக்கு அடுத்த இரண்டு எபிசோடுகளைக் கவனியுங்கள். அவர்கள் பேசும் விதத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா? முன்பு விழுங்கியதை இப்போது சொல்கிறாளா? குடும்பப் பெயரால் கூப்பிட்டவன் சொந்தப் பெயருக்கு மாறினானா? இதைப் பல சப்டைட்டில்கள் சமன் செய்துவிடும், காதால் பிடிக்க வேண்டும். எதுவும் மாறாமல் அதே தப்பெண்ணம் இரண்டாம் முறை வந்தால் இழுவை. முதல் முறைக்கு மன்னிக்கலாம், இரண்டாம் முறைக்கு எந்தச் சாக்கும் இல்லை.

சுவத்துல கைய ஊனி மறிக்கிறது, கையப் பிடிச்சு இழுக்கிறது... இது ரொமான்ஸா? எனக்கு மட்டும்தான் உறுத்துதா?

உங்களுக்கு மட்டும் இல்லை. சுவரில் கையை அறைந்து மறிக்கும் அந்தக் காட்சிக்குக் கபேடோன் என்று பெயர். 2014இல் ஜப்பானில் அந்த ஆண்டின் முதல் பத்துப் புதுச்சொற்களில் ஒன்றாகத் தேர்வாகும் அளவுக்குப் பரவியது. கற்பனையில் ரசிப்பவர்களும் உண்டு, பார்த்ததும் சுருங்குகிறவர்களும் உண்டு.

மறிக்கப்பட்டவரால் விலகிப் போக முடிகிறதா, "விடு" என்றால் கை இறங்குகிறதா என்று பாருங்கள். கை இறங்கினால் அது ஒரு பாவனை. இறங்காமல் இருந்தும் பின்னணியில் மென்மையான இசை ஓடினால், தொடர் உங்களைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறது, நீங்கள் போக வேண்டியதில்லை. பெண் பையனை அடிக்கும் நகைச்சுவைக்கும் இதே அளவுகோல்தான். சிரிப்புச் சத்தத்தில் அது தப்பித்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசி எபிசோடு கடுப்பாக்கிடுச்சு. மொத்தத்துக்கும் 10க்கு 1 போடலாமா?

போடலாம், உங்கள் மதிப்பெண். ஆனால் படிப்பவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. எந்த எபிசோட், எத்தனையாவது நிமிடம், யாருடைய முடிவு, அதற்கு முன் கதை என்ன வாக்குக் கொடுத்திருந்தது என்று நான்கு வரி எழுதினால் 1 கூட மதிக்கப்படும். டோராடோராவில் டைகா கடைசியில் சொல்லாமல் கிளம்பிப்போய், ஓராண்டு கழித்துப் பட்டமளிப்பு நாளில் திரும்புவது இன்றும் சண்டை மூட்டும் முடிவு. "எனக்கு வலித்தது" என்பதும் "அதுவரை வந்த டைகாவுக்கு இது பொருந்தவில்லை" என்பதும் வேறு வேறு குற்றச்சாட்டு. இரண்டாவதைச் சொல்ல ஆதாரம் வேண்டும்.

எழுதினவரைத் திட்டலாமா? குரல் கொடுத்தவங்களை?

படைப்பை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கலாம். மனிதர்களுக்கு வசைச் செய்தி அனுப்புவது வேறு, அதற்கு இங்கே ஆதரவு கிடைக்காது. தவிர, பெரும்பாலும் முகவரியும் தப்பாகத்தான் இருக்கும். சம்பவம் மூல ஆசிரியருடையது. எதை எந்த எபிசோடில் வைப்பது என்பது தொடர் அமைப்பு எழுத்தாளரும் இயக்குநரும் எடுக்கும் முடிவு. ஒரு பார்வை எத்தனை விநாடி நிற்கும் என்பது காட்சிப் பலகை (ஸ்டோரிபோர்டு) வரைந்தவர் கையில். குரல் நடிகர் கையில் வசனத்தாள் மட்டும்தான். வெறுக்கப்படும் பாத்திரத்தை வெறுக்கும்படி பேசினார் என்றால் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

ரெண்டாவது தடவை பாத்தப்போ வேற ஆள் மேல கோவம் வருது. இது எப்படி?

முதல் தடவை உங்களிடம் இருந்தது இரண்டு பேருடைய மனக்குரல். இரண்டாவது தடவை முடிவும் கையில் இருக்கிறது. அப்போது கண் தானாகவே பேசாமல் நிற்கிறவர்கள் பக்கம் போகும். டோராடோராவின் ஆமியைத்தான் பலர் இப்படித் திரும்பக் கண்டுபிடிக்கிறார்கள். முதல் முறை முகமூடி போட்ட வாயாடியாகத் தெரிந்தவள், மறுமுறை யார் யாரை விரும்புகிறார்கள் என்று எல்லாருக்கும் முன்பே புரிந்துகொண்டு, குத்தலாக மட்டுமே சொல்லத் தெரிந்தவளாகத் தெரிகிறாள். அவள் சொன்னது சரி, சொன்ன விதம்தான் யாருக்கும் கேட்கவில்லை.

25 எபிசோடையும் மறுபடி பார்க்க நேரமில்லை என்றால், ஆமி நுழையும் 5ஆவது, கிறிஸ்துமஸ் வரும் 19ஆவது, பனிமலையில் அவளும் மினோரியும் மோதிக்கொள்ளும் 21ஆவது ஆகிய மூன்றை மட்டும் பாருங்கள். மற்றவர்கள் பேசும்போது சட்டகத்தின் ஓரத்தில் ஆமி எங்கே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பதைக் கவனித்தால் போதும். அந்த மோதலில் யார் பக்கம் என்பது உங்கள் பாடு.